தலைமுழுக்கு

பழைய கோப்பில் என் பெயருக்குப் பக்கத்தில்
‘நிரந்தரம்’ என்று ஒரு சிவப்பு முத்திரை.
இந்த நாட்டில் எனக்கு முதலில் நிரந்தரமானது
முள்ளந்தண்டுதான்.
விசா அதற்கும் இரண்டு வருடம் பிந்தி வந்தது.

அந்தக் கோப்பை இப்போது மூடுகிறார்களாம்.
ஜூலையிலிருந்து புதிய திட்டம்.
‘மாற்றத்தின் மையம் நீங்கள்’ என்று தொடங்கிப்
பதினொரு பக்கக் கடிதம்.
பத்தாம் பக்கத்தில் சின்ன எழுத்தில்,
நான் இன்னும் நடக்கவில்லை என்பதை
முப்பது நாளுக்குள் நிரூபிக்க வேண்டும்.

டாக்டர் நுயென்
பதினாலு வருடமாக இதே காலைப் பார்க்கிறவர்.
பேனாவைக் கடித்துக்கொண்டு
“என்னவென்று எழுத?” என்றார்.
“புதுசாக ஒன்றும் முளைக்கவில்லை என்று எழுதுங்கள்.”
இரண்டு பேரும் சிரித்தோம்.
பிறகு அதையே நல்ல இங்கிலீஷில் எழுதி
எழுபது டொலர் எடுத்தார்.

அளக்க ஒரு பெடியன் வந்தான்.
குளியலறைக் கதவு எழுபத்திரண்டு சென்ரிமீற்றர்,
சில்லுக்கதிரை அறுபத்தேழு.
மிச்ச ஐந்துக்குள்
என் இரண்டு முழங்கையும் தோலுரிகிற கணக்குக்கு
அவன் படிவத்தில் கட்டம் இல்லை.

திட்டம் போட வந்தவள் பிரான்வென்.
வாசலில் நின்று
சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டாள்.
அதோடு அவளை வெறுக்கிற எண்ணம் கெட்டுப்போனது.
மடிக்கணினியை விரித்தாள்:
“உங்கள் இலக்குகள் என்ன, சத்தியரூபி?”

பழைய ஆட்கள் இதையெல்லாம் கேட்டதில்லை.
செவ்வாயும் வெள்ளியும் ஒன்பதரைக்கு
செலாவை அனுப்பினார்கள், அவ்வளவுதான்.
பெண்டுகள் தலைமுழுகுகிற நாள் அவைதான் என்று
டான்டினோங் நகரசபைக்கு யார் சொன்னது?

செலா, டோங்காக்காரி.
என் உச்சியில் எண்ணெய் வைத்துத் தட்டும்போது
தன் கோயில் பாட்டொன்றை மூக்கால் பாடுவாள்.
என் பெருவிரல் நகம் கறுத்ததை
எனக்கு முதல் அறிந்தவள்.
எனக்கு அங்கே ஒன்றும் தெரியாது,
மூன்று நாள் காய்ச்சல் கொண்டுபோன இடம் அது.

“செலாவை வைத்திருக்கலாமா?”
தெரிவு முழுக்க உங்களுடையது என்றாள் பிரான்வென்.
பிறகு திரையைப் பார்த்து, குரலைக் குறைத்து,
நகரசபை அந்தப் பகுதியையே மூடுகிறது என்றாள்.
கடை நிறையச் சாமான்,
நான் கேட்டது மட்டும் இல்லை.

பொய் சொல்லக் கூடாது. காசு கூட.
சறுக்குப் பாதைக்கு நான் பழைய கந்தோருக்கு எழுதியது
பத்தொன்பது கடிதம்.
கடைசியில் என் தம்பி பலகை வாங்கி அடித்தான்,
முதல் மழைக்கே வழுக்கினான்.
இவள் அரை மணியில் சரி என்றாள்.
சனிக்கிழமைச் சந்தைக்குக் கூட ஒரு ஆள்,
பாதை விளிம்பு ஏறுகிற கதிரை,
வாரம் ஐந்து நாள் குளிப்பு.
ஐந்து நாள்!
பதினொரு வருடம் நான் எண்ணி எண்ணி வியர்த்திருக்கிறேன்.

“எந்த நாளும் தலைமுழுக வேண்டும்” என்றேன்.
‘தனிநபர் சுகாதாரத்தில் சுயாதீனம்’
என்று அடித்தாள்.
எங்கள் மொழியில் அது
ஒருவரை இனி வேண்டாமென்று விடுகிறதும்தான்
என்று நான் சொல்லவில்லை.

கடைசி வெள்ளி.
செலா வழமைபோல் சைக்கிளை மதிலில் சாத்தினாள்.
எண்ணெய், சீயாக்காய், இளஞ்சூட்டுத் தண்ணீர்.
பாட்டு இல்லை.
நேரம் முடிந்த பிறகும் குந்தியிருந்து
கதிரைச் சில்லில் சுற்றியிருந்த என் தலைமயிரை
ஒவ்வொன்றாய் உருவி எடுத்தாள்.
அது எந்தப் பட்டியலிலும் இல்லாத வேலை.
“நகத்தைப் பார்க்கச் சொல்லு” என்றாள்,
“புது ஆளிட்ட.”

திங்கள் வருகிறவளின் பெயர்
இன்னும் வரவில்லை.
கதவு அதே எழுபத்திரண்டு.